நாற்காலி, பெட்டி, ஏணி: வெளியேற்றத்தின் சட்டமொழி

'மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிக் குடுத்துருங்க' என்று வீட்டுக்காரர் சொன்னபோது, கோபத்தைவிட அந்த வினைச்சொல்தான் என்னை உறுத்தியது. போகச் சொல்வது அவர். காலி செய்கிறவன் நான்.

பத்திர மொழியில் உரிமை வேறு, சுவாதீனம் வேறு. சொத்து ஒருவர் பேரில் இருக்கும், சுவாதீனம் இன்னொருவரிடம் இருக்கும். 1963ஆம் ஆண்டின் குறித்தவகை நிவாரணச் சட்டம், பிரிவு 6, இந்தச் சுவாதீனத்தைத் தனியாகவே காக்கிறது. சம்மதமில்லாமல், சட்டவழியில் அல்லாமல் வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு இடத்தைத் திரும்பப் பெறலாம். உரிமை யாருக்கு என்ற கேள்வி அங்கே எழாது. சொந்தக்காரரே ஆனாலும் சாமானைத் தூக்கித் தெருவில் போட முடியாது. ஆனால் அதே பிரிவில் இன்னொரு வரி: அரசுக்கு எதிராக இந்த வழக்கு கிடையாது.

சரி, ஏற்கெனவே தெருவில் இருப்பவனை எங்கே தூக்கிப் போடுவது?

சேலத்தில் நிலமில்லாக் கூலியாக இருந்து, பஞ்சத்தில் வேலையிழந்து 1961இல் பம்பாய் போனார் ஒருவர். தினக்கூலி 23 ரூபாய். நடைபாதையில் பிளாஸ்டிக் ஷீட்டும் கித்தானும் போட்ட கூரைக்கு உள்ளூர்ப் பேட்டை ராஜா ஒருவன் அவரிடம் பிடுங்கியது 2,500 ரூபாய். (இந்த 'வாடகை'யைப் பற்றிப் பேசச் சட்டத்தில் பிரிவு உண்டா?) 1981 ஜூலை 23, கொட்டும் மழைக்காலம். மாநகராட்சி அதைப் பிரித்துப் போட்டது. மனைவி, மூன்று பெண்பிள்ளைகளோடு அவரைச் சேலம் பஸ்ஸில் ஏற்றினார்கள். அவர் மட்டும் திரும்பிப்போய், மறுபடி நடைபாதையில் ஒண்டிக்கொண்டு, உச்சநீதிமன்றம் ஏறினார். ஓல்கா டெல்லிஸ் வழக்கோடு விசாரிக்கப்பட்ட மனுக்களில் அவருடையதும் ஒன்று.

மாநகராட்சி காட்டிய ஆதாரம் 1888ஆம் ஆண்டுச் சட்டத்தின் 314ஆம் பிரிவு. முன்னறிவிப்பின்றி அகற்றத்தக்கவை என்று அது சுவர், வேலி, நாற்காலி, பெஞ்சு, பெட்டி, ஏணி என அடுக்குகிறது. மனிதன் அந்தப் பட்டியலில் இல்லை. அகற்றப்படுவது பொருள், அதற்குள் குடியிருப்பவன் வாக்கியத்துக்கு வெளியே நிற்கிறான். அப்படியென்றால் பஸ்ஸில் ஏற்ற எந்த வரி இடம் கொடுத்தது?

1985 ஜூலை 10 அன்று ஐந்து நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். வாழும் உரிமைக்குள் பிழைப்பும் அடங்கும் என்றார்கள்; பெரிய வார்த்தைதான். ஆனாலும் 314 செல்லும். சாதாரணமாக நோட்டீஸ் தரவேண்டும். இந்த மனுதாரர்களோ நீதிமன்றத்திலேயே பேசியாகிவிட்டது. 1976 கணக்கெடுப்பில் பதிவானவர்களுக்கு மாற்று இடம் உண்டு, அதுவும் அகற்றுவதற்கு முன்நிபந்தனையாக அல்ல. மழை முடியட்டும் என்று அக்டோபர் 31வரை தவணை கொடுத்தார்கள்.