குதித்தால் போதுமா?

செங்கற்பட்டுப் பள்ளி ஒன்றின் வாலிபால் மைதானத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இறுகிய மண்தரை. மாணவர் ஒருவர் எம்பிப் பந்தை அடித்துவிட்டு இறங்குகிறார். அவருடைய புவியீர்ப்பு மையம் 45 செ.மீ. உயர்ந்தது என்று கொள்வோம். தரையைத் தொடும்போது அவர் வேகம் வினாடிக்குச் சுமார் 3 மீட்டர். அந்த வேகம் எவ்வளவு தூரத்தில் அடங்குகிறது?

காலை விறைப்பாக வைத்து 5 செ.மீ.க்குள் நின்றால், தரை கால்களின்மேல் செலுத்தும் சராசரி விசை உடல் எடையைப்போல் 10 மடங்கு! முழங்காலையும் இடுப்பையும் மடக்கி 30 செ.மீ. தாழ்ந்து நின்றால் இரண்டரை மடங்குதான். விழுந்த உயரத்தை நிற்கும் தூரத்தால் வகுத்து, ஒன்றைக் கூட்டுங்கள், விடை வந்துவிடும்.

மாமல்லபுரம் கடற்கரையில் ஆடினால் மணலே சற்று அமிழ்ந்து நிற்கும் தூரத்தைக் கூட்டுகிறது. ஆனால் எம்பும்போதும் அது சரிந்து, கால்களின் ஆற்றலில் ஒரு பங்கை விழுங்கிவிடும். ஆகவே அங்கே குதிக்கும் உயரம் குறையும்.

உங்கள் வயதில், முழங்காலுக்குச் சற்றுக் கீழே தசைநாண் சேரும் இடத்தில் எலும்பு இன்னும் முழுதும் கெட்டிப்பட்டிருக்காது. ஓயாமல் குதிப்பவர்களுக்கு அங்கே வலி வருவதுண்டு. வலித்தால் மறைக்காமல் ஆசிரியரிடம் சொல்லுங்கள், மருத்துவரிடம் காட்டுங்கள்.

இன்று மாலை ஒரு சோதனை. கண்ணை மூடிக்கொண்டு, நண்பர் குதிப்பதைக் கேளுங்கள். 'தொம்' என்று கேட்டால் கால் விறைத்திருக்கிறது. முன்பாதம் முதலில் படட்டும். முழங்கால்கள் உள்ளே சாயாமல் பாதங்களுக்கு நேராக மடங்கட்டும். ஓசை அடங்கும், அடியும் குறையும்.