உலகப் படைப்பின் நோக்கம்: கிறித்தவ இறையியல் விடையும் திருச்சிராப்பள்ளிச் சமயச் சூழலும்

திருச்சிராப்பள்ளி காந்தி மார்க்கெட்டைச் சூழ்ந்த சில கிலோமீட்டர் பரப்பில் மலைக்கோட்டைத் தாயுமானவர் கோயிலும், தெப்பக்குளத்தை அடுத்து 1766இல் சுவார்ட்சு எழுப்பிய கிறிஸ்து ஆலயமும், காவிரியின் நடுவே திருவரங்கமும் அமைந்துள்ளன. கடவுள் உலகை ஏன் படைத்தார் என்னும் வினாவுக்கு இம்மூன்று மரபுகளும் வெவ்வேறு விடை பகர்கின்றன. ஏனைய இரண்டின் அருகில் வைத்து நோக்கும்போதே கிறித்தவ விடையின் தனித்தன்மை புலப்படும்.

பயன் கருதிச் செயற்படுவோன் அப்பயன் வாய்க்கப்பெறாதவன், ஆகவே குறைவிலா இறைவன் உலகைப் படைத்தல் பொருந்தாது என்னும் தடையைப் பிரம்ம சூத்திரமே (2.1.32) எழுப்புகிறது. அடுத்த சூத்திரம் படைப்பை லீலை என்கிறது. இராமானுசரின் ஸ்ரீபாஷ்யம் இவ்விடையை ஏற்று விளக்குகிறது. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில், விளையாட்டு எனக் கூறுவதை மறுக்கவில்லை. எனினும், உயிர்களுக்குப் போகமும் வீடும் வழங்கி மலத்தைத் துடைக்க இறைவன் அருளால் இத்தொழில்களை இயற்றுகிறான் என்றும் உரைக்கிறார்.

இறைவனுக்குக் குறையில்லை என்பதே கிறித்தவ இறையியலுக்கும் தொடக்கம். கடவுள் ஆதாமைப் படைத்தது மனிதன் தமக்குத் தேவைப்பட்டதால் அன்று, தம் நன்மைகளைப் பெற ஒருவன் வேண்டும் என்பதற்காகவே என்றார் 2ஆம் நூற்றாண்டினரான இரேனியு. முதற்காரணமாகிய கடவுள் எதையும் அடைய முயல்வதில்லை, தம் நன்மையைப் பகிர்கிறார் என்பது தாமஸ் அக்வினாசின் கருத்து. 1870இல் முதலாம் வத்திக்கான் சங்கம் இதையே கோட்பாடாக வரையறுத்தது. படைப்பு கடவுளின் பேரின்பத்தைப் பெருக்குவதற்கன்று. படைப்புயிர்களுக்கு அவர் வழங்கும் நன்மைகளின் வழியே தம் நிறைவை வெளிப்படுத்துவதற்கு. அதுவும் கட்டாயமின்றி, அவரது உரிமை விருப்பால் நிகழ்ந்தது.

அச்சங்கமே உலகம் கடவுளின் மகிமைக்காகப் படைக்கப்பட்டது என்றும் கூறுகிறது. இச்சொல் தமிழ்ச் செவிக்கு மெய்க்கீர்த்தி கேட்டு மகிழும் வேந்தனை நினைவூட்டக்கூடும். 1765இல் வெளிவந்த ஜோனத்தன் எட்வர்ட்சின் ஆய்வுரை இத்தடையை நேரடியாக எதிர்கொண்டது. கடவுளின் மகிமையும் படைப்பின் மகிழ்ச்சியும் இரு வேறு நோக்கங்கள் அல்ல, கடவுளின் நிறைவு பொங்கிப் பகிரப்படுவதே இரண்டும் என்பது அவர் வாதம்.

சைவ சித்தாந்தத்தோடு உள்ள உண்மையான வேறுபாடு வேறிடத்தில் உள்ளது. அங்கு உயிரும் மலமும் அநாதி. படைப்பு ஏற்கெனவே உள்ள நோய்க்கு மருந்து. கிறித்தவத்திலோ கடவுள் இன்மையிலிருந்து படைத்தார். படைப்புக்குமுன் அருளை வேண்டிநிற்கும் உயிர் எதுவும் இல்லை. எனவே கொடையோடு கொடையைப் பெறுவோனும் ஒருங்கே தோன்றுகிறான். மதுரை மிஷனின் இராபர்ட் தெ நொபிலி (1577–1656) ‘புனர்ஜென்ம ஆட்சேபம்’ எழுதி மறுபிறவியை மறுத்ததன் பின்னணியில் இவ்வேறுபாடும் உண்டு.

சொல்லாட்சியிலும் இச்சிக்கல் தொடர்ந்தது. புரொட்டஸ்டண்டு சபைகளில் பரவலாக வழங்கும் பழைய மொழிபெயர்ப்பு ‘சிருஷ்டி’ என்னும் சொல்லை ஆள்கிறது. வடமொழியில் இதன் வேர் ‘வெளிவிடுதல்’ என்னும் பொருளது. இன்மையிலிருந்து ஆக்குதல் என்பதைவிடத் தன்னிலிருந்து தோற்றுவித்தல் என்பதற்கே அது நெருக்கமானது. 1995இன் திருவிவிலியம் ‘படைத்தல்’ என்கிறது. இவ்வினைக்கு ஆக்குதல் என்பதோடு முன்வைத்து அளித்தல் என்னும் பொருளும் உண்டு. இலையில் சோறு படைப்பதும் இதே வினைதான். இருபொருளும் கருதியே இச்சொல் தேர்ந்தெடுக்கப்பட்டது எனக் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் பகிர்தலை நோக்கமாகக் கொள்ளும் கோட்பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ்ச் சொல் கிடைப்பது அரிது.

கொடையே நோக்கமெனில் துன்பம் ஏன் என்னும் வினா எழும். சைவம் அநாதி மலத்தைக் காரணமாகச் சுட்ட இயலும். இன்மையிலிருந்து படைப்பு என்ற கொள்கைக்கு அவ்வழி அடைபட்டுள்ளது. ஆகவே கிறித்தவ இறையியலர் மனித விருப்புரிமையையும் சிலுவையையும் நாடுகின்றனர். படைப்பின் நோக்கத்தை ஆதியாகமத்தோடு நிறுத்தாமல் கிறிஸ்துவின் மீட்போடு இணைத்தே அவர்கள் விளக்குவது இதனாலாகும்.