ஆவரசம்பூத் தேநீர்

உலர் வலயத்தின் தரிசு நிலங்களிலும் வேலியோரங்களிலும் ஆவரசு தானாகவே முளைத்து மஞ்சட்பூச் சொரிந்து நிற்பதைக் காணாத கமக்காரர் இலர். இதன் குழை வயலுக்குப் பசளையாகும். பட்டை தோல் பதனிட உதவும். பூவோ பெரும்பாலும் வீணே உதிர்கின்றது. சிங்கள மக்கள் ரணவரா என்னும் பெயரால் இப்பூவை அவித்து, கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு பருகுவர். ஆங்கில நூல்களில் இதற்கு மாத்தறைத் தேயிலை என்றொரு பெயருமுண்டு. தேயிலையிலுள்ள கஃபீன் இதில் இல்லை. ஆதலின் இரவில் அருந்தினும் உறக்கம் கெடாது. யானைக் காவலுக்கு விழித்திருப்போர்க்கு இது உதவாது என்பதும் அதனாலேயே.

பூப் பறிக்குமுன் செடியை ஐயமற அறிந்துகொள்ளல் இன்றியமையாதது. பேயாவரை என்னும் செடியும் மஞ்சளாகவே பூக்கும். அதன் விதை நச்சுத்தன்மையுடையது. வட இந்தியாவில் அவ்விதையை உண்ட சிறுவர்கள் ஈரலும் மூளையும் பாதிக்கப்பட்டு இறந்துள்ளனர். ஆவரசின் இலைக்காம்பு தண்டோடு சேருமிடத்தில் காதுமடல் போன்ற அகன்ற இலையடிச் செதில்கள் இரண்டு இருக்கும். இதன் தாவரவியற் பெயரும் அக்காதினாலேயே வந்தது. சிற்றிலைகள் சிறியனவாய், நுனி மழுங்கி, எட்டு முதற் பன்னிரண்டு சோடி வரை அமையும். பேயாவரைக்கு ஐந்து சோடியளவே உண்டு. அவை பெரியன, நுனி கூரியன, கசக்கினால் துர்நாற்றம் வீசுவன. காதுமடல் காணாத செடியில் கை வைத்தலாகாது.

மருந்தடித்த வயலின் வரம்பிலும், களைநாசினி தெளித்த மிளகாய்த் தோட்டத்தின் ஓரத்திலும் நிற்கும் செடிகளை விட்டுவிடல் வேண்டும். எத்துணை கழுவினும் இப்பூவை நம்புதற்கில்லை.

பனி உலர்ந்தபின், முற்பகலில் மொட்டுகளையும் அன்று மலர்ந்த பூக்களையும் கொய்க. காம்பும் பிஞ்சுக் காயும் நீக்கி, பனையோலைப் பாயில் மெல்லிதாகப் பரப்பி, காற்றோட்டமுள்ள நிழலிலே உலர்த்துக. நாள்தோறும் இருமுறை கிளறுதல் நன்று. கடும் வெயிலில் நிறம் மங்கும். விரல்களுக்கிடையே நொறுங்கும் பதம் வந்தாலன்றிப் போத்தலில் அடைத்தலாகாது. பூஞ்சணம் பிடித்ததைச் சிறிதும் தயங்காது எறிந்துவிட வேண்டும். அதை மீண்டும் வெயிலில் இட்டுத் தேற்ற முயல்வது வீண் சிக்கனம்.

இருவருக்கு ஒரு மேசைக்கரண்டி உலர்பூவும் மூன்று கோப்பை நீரும் போதும். நீர் இரண்டு கோப்பையாக வற்றும்வரை சிறுதீயிற் கொதிக்கவைத்து வடித்தால் பொன்னிறச் சாறு கிடைக்கும். சீனியை விடப் பனங்கட்டியே இதற்கு இசையும்.

நீரிழிவுக்கு இதுவே மருந்தெனக் கேட்டு, மாத்திரையை நிறுத்துவோரும் உளர். அது பேராபத்து. இப்பூ இரத்தத்திலுள்ள வெல்லத்தைக் குறைப்பதாக எலிகளிற் கண்டுள்ளனர். அதனால் மாத்திரையுடன் இதையும் மிகுதியாகக் குடிப்பின் வெல்லம் அளவுக்கு மீறித் தாழவும் கூடும். வலிப்புக்குக் கார்பமசெபின் உட்கொள்வோர் இதைத் தவிர்ப்பதே தக்கது. அம்மருந்தின் அளவு இரத்தத்தில் உயர்வதும் எலிகளில் அறியப்பட்டுள்ளது. கருவுற்றோரும் வைத்தியரைக் கேட்ட பின்னரே அருந்த வேண்டும்.

செடியை மொட்டையாகப் பறிப்பின் அடுத்த ஆண்டுக்கு விதை இராது. சில கிளைகளைக் காய்க்க விட்டு, முற்றிய விதையை வெந்நீரிலிட்டு, ஓரிரவு ஊறவைத்து, மாரி தொடங்கும்போது வேலியோரத்தில் ஊன்றலாம்.