டவர் படுத்ததா, கரண்ட் படுத்ததா?

காற்றில் ஓடும் கம்பி – தொடர் 7

சென்ற வாரம் அலைவரிசைக் கதையைப் பார்த்தோம். 2018 அக்டோபரில் மத்திய அரசு 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 605 மெகாஹெர்ட்ஸை உரிமக் கட்டணம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிட்டது. அதன்பின் ஒரு டிஷ், ஒரு ரேடியோ, ஏறி நிற்க ஒரு உயரம் இருந்தால் பத்துக் கிலோமீட்டர் தாண்டியும் இணையத்தைக் கொண்டுபோவது சிறிய சேவை நிறுவனங்களுக்கும் கைக்கெட்டும் வேலையாகிவிட்டது. இந்த வாரம் அந்த ரேடியோவுக்குக் கீழே, டவரின் காலடியில் பூட்டிக் கிடக்கும் இரும்புப் பெட்டியைத் திறக்கப் போகிறோம். டவரில் என்ன நடக்கிறது என்று ஆபீசுக்குச் சொல்லவேண்டிய கண்காணிப்புக் கருவி அதற்குள்தான் இருக்கிறது. பல இடங்களில் அது சொல்வதே இல்லை.

ஆரம்பாக்கத்தை எடுத்துக்கொள்வோம். சென்னை–கூடூர் ரயில் பாதையில் தமிழ்நாட்டின் கடைசி ஸ்டேஷன் இது. அடுத்த ஸ்டேஷன் தடா, ஆந்திரா. ஊரை ஒட்டி கொல்கத்தா நெடுஞ்சாலை, கிழக்கே பழவேற்காடு ஏரி, தெற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை. நிலம் தட்டையாக இருப்பதால் நடுத்தர உயரத்தில் டிஷ் வைத்தாலே பார்வை தொலைதூரம் போகும். குடோன், எடைமேடை, லாரி ஆபீஸ், சின்னச் சின்னப் பட்டறை என்று வாடிக்கையாளருக்கும் பஞ்சமில்லை. ரேடியோ அலைக்கு நல்ல ஊர்தான். ஆனால் பெட்டிக்குள் இருக்கும் சாமான்களுக்கு அவ்வளவு நல்ல ஊர் இல்லை. ஏரிப் பக்கத்து உப்புக்காற்று கனெக்டரைப் பச்சை பூக்க வைக்கும். இரும்பு உருக்கும் உலைகள் லோடு ஏற்றி இறக்கும்போது சுற்றுவட்டார மின்னழுத்தம் ஆடும் என்பது மின்பொறியாளர்கள் எல்லோரும் அறிந்தது. மழைக்காலத்தில் புயல் வேறு. 2016 டிசம்பர் 12 வர்தாவையும் 2023 டிசம்பர் மிக்ஜாமையும் இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

லிங்க் போனதும் இப்படிப்பட்ட ஒரு ஆபீசில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

“அண்ணே, தடா பக்கம் லிங்க் டவுன்.”

“கரண்ட் இருக்கா பாருடா.”

“அங்க போனாதாண்ணே தெரியும்.”

பிறகு பையன் பைக்கை எடுத்துக்கொண்டு போவான். போய்ப் பார்த்தால் கரண்ட் வந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். ரேடியோ மட்டும் உறைந்துபோய் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிச் சொருகுவான், லிங்க் வந்துவிடும். எதனால் போனது என்று யாருக்கும் தெரியாது. அடுத்த வாரம் அதே பேச்சு.

எதனால் போனது என்ற இந்தக் கேள்விக்குப் பதிலை ஏறக்குறைய இருபது வருடத்துக்கு முன்பே கண்டுபிடித்தவர்கள் தேனியில் இருந்தார்கள். அரவிந்த் கண் மருத்துவமனையின் தேனிக் கிளையும் அமெரிக்காவின் பெர்க்லி கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவர் தலைமையிலான ஆய்வுக் குழுவும் சேர்ந்து, சுற்றுவட்டாரக் கிராமக் கண் மையங்களை நீண்டதூர வைஃபை மூலம் மருத்துவமனையோடு இணைத்தார்கள். தேனியில் உட்கார்ந்திருக்கும் டாக்டர், போடி, ஆண்டிபட்டிப் பக்கத்து நோயாளியின் கண்ணை வீடியோவில் பார்த்தார். ஒரு டிஷ்ஷை ஜவுளி ஆலையின் புகைபோக்கியில்கூடக் கட்டியிருந்தார்கள். அந்த அனுபவத்தையும், இமாசலத்தின் தரம்சாலாவில் இயங்கிய ஏர்ஜல்தி வலையமைப்பின் அனுபவத்தையும் சேர்த்து 2008இல் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள்.

ரேடியோ அலை பற்றி ஆராயப் போனவர்கள் கடைசியில் அதிகம் எழுதியது கரண்டைப் பற்றி. 230 வோல்ட் வரவேண்டிய கம்பியில் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்துக்கு 1000 வோல்ட் வரை பாய்ந்ததைப் பதிவு செய்தார்கள். 70 வோல்ட்டுக்குக் கீழே போய் வெகுநேரம் அப்படியே கிடந்ததையும் பார்த்தார்கள். அடாப்டர் கருகியது, மெமரி கார்டு கெட்டது, ரூட்டர் உறைந்தது என எல்லாவற்றுக்கும் வேர் அங்கேதான் இருந்தது. ஊழியர்களோ டிஷ் திரும்பிவிட்டதென்று டவர் ஏறத் தயாராக இருந்தார்கள்.

ரூட்டர் உறைவதன் காரணம் கவனிக்கத்தக்கது. கரண்ட் போனதும் பேட்டரி ஓடுகிறது. பேட்டரி இறங்க இறங்க மின்னழுத்தமும் மெல்ல இறங்குகிறது. ஒரு கட்டத்தில் ரூட்டர் சாகவும் இல்லை, ஓடவும் இல்லை, அரைமயக்கத்தில் நின்றுவிடுகிறது. கரண்ட் திரும்பி வந்து பேட்டரி ஏறினாலும் அது தானாக எழுந்திருக்காது. இதற்கு அவர்கள் கண்ட தீர்வு ஒரு எளிய சர்க்யூட். பேட்டரி குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் இணைப்பைச் சட்டென்று துண்டித்துவிடும். நன்றாக ஏறியபின் மறுபடி கொடுக்கும். ரூட்டர் ஒழுங்காகச் செத்து ஒழுங்காக எழுந்தது. பேட்டரியும் அடிவரை வற்றிக் கெடாமல் தப்பித்தது. கண்காணிப்புக்கு அவர்கள் கண்ட வழியும் எளிது. வெளியிலிருந்து தட்டிப் பார்க்காமல், ஒவ்வொரு ரூட்டரும் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை தானே தன் நலத்தை அமெரிக்காவிலுள்ள சர்வருக்குச் சொல்லி அனுப்பும்படி செய்தார்கள்.

பாடம் பழையது. கருவிகள்தான் மாறிவிட்டன. அதனால்தான் பெட்டிக்குள் இருக்கும் கண்காணிப்புக் கருவியை மேம்படுத்த வேண்டியிருக்கிறது.

முதல் மாற்றம் பேட்டரி. பழைய 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி வெளிப்படையான ஆள். முழுதாக இருந்தால் 12.7, காலியாகும்போது 12-க்கும் கீழே. வோல்ட்டைப் பார்த்தால் வயிறு தெரியும். இப்போது வரும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி அப்படியில்லை. வேலை நேரத்தின் பெரும்பகுதியில் 13.2 வோல்ட்டை ஒட்டியே நிற்கும். கடைசியில் திடீரென்று விழும். இதை வோல்ட் மட்டும் பார்க்கும் பழைய கருவியில் மாட்டினால், “எல்லாம் நலம்” என்று சொல்லிக்கொண்டே இருட்டில் விட்டுவிடும். உள்ளே எத்தனை ஆம்பியர் போகிறது, வெளியே எத்தனை வருகிறது என்று ஷண்ட் வைத்துக் கணக்கெழுதும் கருவி வேண்டும். அல்லது பேட்டரிக்குள் இருந்து அதை நிர்வகிக்கும் பிஎம்எஸ் போர்டோடு பேசத் தெரிந்த கருவி வேண்டும்.

இரண்டாவது, சிம். ஒரு காலத்தில் எஸ்எம்எஸ் அனுப்பும் 2ஜி மோடம்தான் டவரின் வாய். 1999இல் தமிழ்நாட்டில் தொடங்கிய ஏர்செல், 2018 பிப்ரவரியில் திவால் மனு போட்டபோது அதன் சிம் செருகியிருந்த கருவிகளும் சேர்ந்தே ஊமையாயின. புதுக் கருவி வாங்கும்போது 4ஜி மோடமாகப் பாருங்கள். அதைவிட முக்கியம், அந்த சிம் உங்கள் ரேடியோ லிங்கை நம்பியிராத தனிவழியாக இருப்பது. லிங்க் போன சேதியை அந்த லிங்க் வழியாகவே அனுப்பும் கருவியால் யாருக்கு என்ன லாபம்? கருவிக்குத் தனியாகச் சின்ன பேட்டரி ஒன்றும் வேண்டும். எல்லாம் அணைந்தபின் “அணைந்துவிட்டேன்” என்று சொல்லவாவது அதற்கு உயிர் இருக்கவேண்டும்.

மூன்றாவது, இருந்த இடத்திலிருந்தே ரீபூட் செய்யும் வசதி. ஒவ்வொரு ரேடியோவுக்கும் நெட்வொர்க் கேபிள் வழியாகவே போகும் பிஓஇ மின்சாரத்தைத் தனித்தனியே அணைத்து ஏற்றும் போர்டுகள் இப்போது கிடைக்கின்றன. பைக் பெட்ரோல் மிச்சம். ஆனால் இதில் இரண்டு பள்ளங்கள் உண்டு. ஒன்று, கட்டளையை லிங்க் வழியாக அனுப்பி, ஆபீசை நோக்கியிருக்கும் ரேடியோவையே அணைத்துவிட்டால் “ஏற்று” என்ற அடுத்த கட்டளை போய்ச் சேர வழியிருக்காது. உட்கார்ந்த கிளையை வெட்டுவது இதுதான். “பத்து நொடி அணைத்துத் தானே ஏற்றிக்கொள்” என்ற ஒற்றைக் கட்டளையை ஏற்கும் கருவியா என்று வாங்குமுன் கேளுங்கள். இரண்டாவது, தட்டிப் பார்க்கும் பிங்குக்குப் பதில் வராவிட்டால் தானே ரீபூட் ஆகும் ஏற்பாடு. எல்லா ரேடியோவும் ஒரே சர்வரைப் பிங் செய்யும்படி வைத்துவிட்டு, அந்த சர்வர் ஒருநாள் படுத்தால், ஊர் முழுக்க நன்றாக ஓடிக்கொண்டிருந்த ரேடியோக்கள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அணைந்து எழும். பிங் இலக்கு பக்கத்து டவராக இருக்கட்டும், இரண்டாகவும் இருக்கட்டும்.

பூட்டை மறக்கக்கூடாது. கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் ரூட்டர்களையும் லட்சக்கணக்கில் வளைத்துப்போட்ட மிராய் வைரஸ், 2016இல் அமெரிக்காவின் பெரிய இணையதளங்களையே முடக்கியது. டவரை அணைத்து ஏற்றும் அதிகாரம் உள்ள கருவிக்கு இணையத்தில் நேரடி முகவரி கொடுப்பது சாவியைக் கதவிலேயே விட்டுவிட்டு வருவதற்குச் சமம்.

கடைசியாக, எதை அளப்பது என்ற கேள்வி. விற்பவர்கள் ஈரப்பதம், காற்று வேகம் என்று நீண்ட பட்டியல் காட்டுவார்கள். சின்ன நிறுவனத்துக்கு ஐந்து போதும்: ஈபி கரண்ட் இருக்கிறதா, பேட்டரி எவ்வளவு மிச்சம், லோடு எத்தனை ஆம்பியர், பெட்டிக்குள் எத்தனை டிகிரி சூடு, கதவு திறந்திருக்கிறதா. சூட்டை அலட்சியப்படுத்த வேண்டாம். பத்து டிகிரி கூடினால் லெட்-ஆசிட் பேட்டரியின் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. கரண்ட் போய் வரும் ஒவ்வொரு முறையும் மெசேஜ் வந்தால் மூன்றாம் நாளே போனை சைலண்டில் போட்டுவிடுவார்கள். பத்து நிமிடத்துக்கு மேல் கரண்ட் வராவிட்டால் மட்டும், அதுவும் அந்த நேரத்து டியூட்டி ஆளுக்கு மட்டும் போகும்படி வையுங்கள்.

ஆரம்பாக்கமோ ஆண்டிபட்டியோ, டவர் வைத்திருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். புரட்டாசி முடிவதற்குள், பகல் வெளிச்சத்தில், வாடிக்கையாளர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு, டவரின் மெயின் சுவிட்சை நீங்களே இறக்குங்கள். மெசேஜ் வருகிறதா, எத்தனை மணி நேரம் பேட்டரி தாங்குகிறது, கடைசியில் ஒழுங்காக அணைகிறதா, சுவிட்சை ஏற்றியதும் ஆள் தொடாமல் லிங்க் திரும்புகிறதா என்று நான்கையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். நான்கில் எது தவறுகிறதோ, முதலில் அதற்குப் பணம் செலவழியுங்கள்.

(தொடரும்)