பண்பலை வானொலியும் வல்லினத்தின் மௌனமும்

மாத்திரையைப் பற்றி மாணவர்க்கு உரைக்குங்கால் நாம் ஒலியின் நீளத்தையே பெரிதும் எடுத்தோதுகின்றோம். ஒலியில்லாத காலமும் சொல்லின் ஓர் உறுப்பு என்பதை அத்துணை எண்ணுவதில்லை. ‘பாடு’, ‘பாட்டு’ என்னும் இரு சொற்களையும் அடுத்தடுத்து ஒலித்துப் பார்க்க. முன்னதில் டகரம் குரலோடு கலந்து மெல்லென நழுவிச் செல்கின்றது. பின்னதில் நாநுனி வளைந்து மேலண்ணத்தை அடைத்து நிற்க, ஏறக்குறைய ஒரு செக்கனிற் பத்திலொரு பங்குக்கு ஒலி நின்றுவிடுகின்றது. அதன் பின்னரே அடைப்புத் திறந்து டகரம் வெடிக்கின்றது. ‘குடி’, ‘குட்டி’ என்பவற்றுக்கும் இஃதே வேறுபாடு. இச்சிறு மௌனத்தைக் கொழும்பு நகரின் வர்த்தகப் பண்பலை வானொலிகள் எவ்வாறு நடத்துகின்றன என்பதே ஈண்டு நோக்கப்படுவது.

இலங்கை வானொலியின் வர்த்தக சேவை 1950ஆம் ஆண்டில் ஆரம்பமாயிற்று. எஸ். பி. மயில்வாகனம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் முதலியோரின் குரல்கள் பாக்குநீரிணைக்கு அப்பாலும் புகழ் பெற்றமை யாவரும் அறிந்ததே. அக்குரல்கள் சென்ற வழியோ மிகக் குறுகியது. நமது பிராந்தியத்தில் மத்திய அலை நிலையங்களுக்கு வகுக்கப்பட்ட இடைவெளி 9 கிலோஹேர்ட்ஸ். ஆதலின் நாலரை கிலோஹேர்ட்ஸுக்கு மேற்பட்ட மீடிறன்கள் கேட்போர் செவிக்குப் பெரும்பாலும் எட்டுவதில்லை. அவ்வொடுங்கிய வாயிலினூடும் சொல் தெளிந்து கேட்டது. பண்பலையோ 15 கிலோஹேர்ட்ஸ் வரை இடந்தருவது. இரைச்சலும் அதிற் குறைவு. 1990களில் தனியார் வானொலிகள் தோன்றி, 1998இல் சூரியன், சக்தி ஆகிய தமிழ் நிலையங்களும் வந்தபோது, தமிழோசைக்கு அகன்றதொரு வாயில் திறந்தது எனலாம். அவ்வகலத்தை நாம் எதற்குச் செலவிட்டோம் என்பதே வினா.

பண்பலையில் ஒலியின் ஏற்றத்தாழ்வு, அனுப்பும் அலையின் வீச்சத்தை மாற்றாது மீடிறனையே மாற்றுகின்றது. அம்மாற்றம் இருபுறமும் 75 கிலோஹேர்ட்ஸை மீறலாகாது. மீறினால் அடுத்த நிலையத்தின் எல்லைக்குள் நுழையும். எனவே ஒலியின் உச்சி எவ்விடத்தில் நிற்கவேண்டும் என்பது விதிக்கப்பட்டுவிட்டது. ஆயினும் ஒவ்வொரு நிலையமும் அயல் நிலையத்தினும் உரத்துக் கேட்கவேண்டும் என விரும்புகின்றது. கூரையை உயர்த்த அனுமதியற்றவன் தரையை உயர்த்துவது போல, உச்சியை விட்டுப் பள்ளத்தை நிரப்புதலே இதற்குரிய உபாயம். நமது செவி உச்சியைக் கொண்டன்று, சராசரியைக் கொண்டே உரப்பை அளக்கின்றது.

இவ்வேலைக்கெனக் கலையகத்துக்கும் பரப்புகருவிக்கும் இடையே ஒரு கருவி வைக்கப்படுகின்றது. அமெரிக்கரான ரொபேர்ட் ஓர்பன் 1975இல் வெளியிட்ட ‘ஒப்டிமோட்’ இவ்வினத்தில் வழிகாட்டியாயிற்று. முதலில் தாழ்ந்த ஒலியை மெல்ல உயர்த்தி மட்டஞ்செய்வர். பின்னர் ஒலியைத் தாழ்ந்தது, நடுத்தரம், உயர்ந்தது எனப் பல பட்டைகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனித்தனியே அமுக்குவர். அதற்கும் அடங்காது எஞ்சிய முனைகளை இறுதியில் நறுக்கிவிடுவர். அமுக்கும் வேலை முடிந்ததும் பெருக்கம் தன் பழைய நிலைக்கு மீளவேண்டும் அன்றோ? உரப்பை நாடுவோர் அம்மீட்சியை மிக விரைவாக அமைக்கின்றனர். அங்கேதான் வல்லினத்துக்கு இடுக்கண் நேர்கின்றது. அறிவிப்பாளர் ‘பாட்டு’ என்னுஞ் சொல்லின் நடுவே நாவை அடைத்து நிற்கும் அக்கணத்தில், குரல் இல்லை என உணர்ந்த கருவி பெருக்கத்தை உயர்த்துகின்றது. அறையின் எதிரொலியும் மூச்சும் மேலெழுகின்றன. செய்தியின் கீழே இசையை ஓடவிடும் வழக்கம் இருப்பின், அவ்விசையே ஓடிவந்து இடைவெளியை நிரப்புகின்றது.

சென்ற ஆண்டு ஒரு நிலையத்தின் செய்தித் தலைப்புகளைப் பதிந்து, ஒன்பதாம் வகுப்பு மாணவர்க்குச் சொல்வதெழுதுதலாக ஒலிக்கச் செய்தேன். அதே தலைப்புகளை மறுநாள் யான் வாசித்தபோது ஒற்றுப் பிழைகள் கணிசமாகக் குறைந்திருந்தன. ஒரு வகுப்பை வைத்துக்கொண்டு விதி கூறல் தகாது. இரண்டாம் முறை கேட்பது எளிதென்பதும் உண்மையே. முதியோர் நிலை இதனினும் கவலைக்குரியது. வயது ஏற ஏற உயர் மீடிறன்கள் கேளாமற்போவதோடு, ஒலிகளிடையேயுள்ள சிறு இடைவெளிகளை உணரும் ஆற்றலும் குன்றுகின்றது. கொட்டாஞ்சேனைத் தொடர்மாடி வீடுகளில் வானொலியே பகல் முழுதும் துணையாக இருப்போர் பலர். “சத்தம் கேட்குது, சொல்லுத்தான் விளங்கேல்லை” என்று அவர்கள் கூறுவது செவியின் குறை மாத்திரமன்று.

சகர ஒலிகளுக்கு வேறோர் இடர் உண்டு. பண்பலையில் இரைச்சல் உயர் மீடிறன்களிலேயே மிகுதி. ஆதலின் அனுப்புமிடத்தில் அவற்றை உயர்த்தி, வாங்குமிடத்தில் அதே அளவுக்குத் தாழ்த்துவர். ஐரோப்பிய முறைப்படி 15 கிலோஹேர்ட்ஸில் இவ்வுயர்வு ஏறக்குறைய ஐந்து மடங்கு. அமெரிக்க முறைப்படி ஏழு மடங்கு. தாளமும் கஞ்சிராவின் சலங்கையும் உரத்த சகரமும் இவ்வாறு உயர்த்தப்பட்டதும் எல்லையில் முட்டிக்கொள்ளும். அப்பொழுது அவற்றை மழுக்கவேண்டும், அல்லது நறுக்கவேண்டும். நறுக்கினால் மணலை அரைத்தாற்போன்ற கரகரப்பு எஞ்சும். பாடல்களைச் சுருக்கிய கணினிக் கோப்புகளாகச் சேமிப்பதும் இக்குறையை மிகுவிக்கின்றது. சுருக்கத்தின்போது உரத்த ஒலியின் நிழலில் மறைத்துவைத்த பழுதுகளை, பள்ளம் நிரப்புங் கருவி வெளிக்கொணர்ந்துவிடும்.

கருநாடக இசைக்கு நேர்வதை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆலாபனையின் தொடக்கத்தில் அடங்கி ஒலிக்கவேண்டிய தம்புரா பாடகரின் குரலுக்கு நிகராக வந்து நிற்கின்றது. நாதஸ்வரம் உச்சத்தை எட்டும்போது தவில் பின்வாங்குகின்றது.

வெள்ளவத்தை வாசிகளுக்கு இன்னுமொன்று உளது. காலி வீதிக்கும் கடலுக்கும் இடையே எழுந்த உயர்ந்த கட்டடங்களில் அலைகள் தெறித்து, நேரலையோடு பிந்தி வந்து கலக்கின்றன. ஸ்டீரியோ ஒலியே இதனாற் பெரிதும் கெடுகின்றது. இடவல வேறுபாட்டைச் செயற்கையாக அகலப்படுத்தும் வசதி இக்கருவிகளிற் பலவற்றில் உண்டு. அதனை மிகையாகப் பயன்படுத்தின் இக்கேடு வளருமேயன்றிக் குறையாது.

ஒலியை அமுக்குதல் முற்றும் தீதென்று யான் கூறவில்லை. காலி வீதிப் பஸ்ஸில் இயந்திர ஓசைக்கிடையே கேட்பவனுக்கு அமுக்கப்படாத ஒலியின் தாழ்ந்த பகுதி கேட்கவே கேளாது. அளவே கேள்விக்குரியது. ஜேர்மனி முதலிய சில ஐரோப்பிய நாடுகள், உச்சிக்கு மாத்திரமன்றி, அனுப்பும் முழுச் சைகையின் சராசரி வலுவுக்கும் ஓர் எல்லை விதித்துள்ளன. அங்கே பள்ளத்தை நிரப்பி உரப்பை உயர்த்தினால் முழுவதையும் தாழ்த்த நேரிடும். ஆகவே போட்டியால் ஊதியம் இல்லை. அத்தகைய விதி இல்லாவிடத்தும், செய்திக்கு வேறு, பாடலுக்கு வேறு என அமைப்பை மாற்றும் வசதியைக் கருவியே தருகின்றது. செய்தியின் கீழ் ஓடும் இசையை நிறுத்துவதற்கோ எக்கருவியும் வேண்டியதில்லை.

இன்று இதே நிலையங்களைக் கைத்தொலைபேசியில் இணையவழி கேட்போர் பெருகியுள்ளனர். அவ்வழியில் 75 கிலோஹேர்ட்ஸ் எல்லையும் இல்லை. உயர் மீடிறன்களை முன்கூட்டி உயர்த்தும் கட்டாயமும் இல்லை. பண்பலைக்கென அமுக்கி நறுக்கிய ஒலியையே அங்கும் அனுப்பும் நிலையம், இல்லாத எல்லைக்காகச் சொல்லை நறுக்குகின்றது.