முடியளவு மூடி

ஆஞ்சியோகிராம் அறிக்கை கைக்கு வந்ததும் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை சதவீதம் அடைப்பு?" என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் மாரடைப்பு வந்தவர்களின் பழைய ஆஞ்சியோகிராம் படங்களை 1980-களில் தேடியெடுத்துப் பார்த்தபோது எதிர்பாராத ஒன்று தெரிந்தது. பின்னாளில் மாரடைப்பை உண்டாக்கிய இடங்களில் பெரும்பாலானவை அந்தப் படங்களில் பாதிகூட அடைபட்டிருக்கவில்லை.

தமனிச் சுவருக்குள் கொழுப்பு சேர்ந்து உருவாகும் திட்டுக்குப் படிவு என்று பெயர். அதன் நடுவில் இளகிய கொழுப்புக் கரு இருக்கும். கருவையும் ரத்தத்தையும் பிரித்து வைப்பது கொலாஜன் இழைகளால் ஆன மெல்லிய உறை. அதை நார்மூடி என்போம். மூடி கிழிந்து கரு ரத்தத்தில் பட்டால், அங்கேயே ரத்தம் உறையத் தொடங்கும். நேற்றுவரை தாராளமாக ரத்தம் ஓடிய குழாய் அந்தக் கட்டியால் அடைபடும். திடீரென இறந்தவர்களின் இதயத் தமனிகளில் கிழிந்திருந்த மூடிகளை அளந்த அமெரிக்க ஆய்வு ஒன்று 1997-ல் வெளியானது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து மூடிகள் 65 மைக்ரானுக்கும் மெலிந்தவை. ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன்.

ஏன் அந்த அளவு? லாப்லாஸின் பழைய விதி ஒன்றே பாதி விடை சொல்லிவிடும். குழாய்க்குள் இருக்கும் அழுத்தத்தை ஆரத்தால் பெருக்கிச் சுவரின் தடிமனால் வகுத்தால், ஒவ்வொரு சதுர அளவிலும் சுவர் எவ்வளவு இழுபடுகிறது என்பது தெரியும். இதுவே தகைவு. 120 என்று நாம் சொல்லும் ரத்த அழுத்தம் 16 கிலோபாஸ்கல். தமனியின் ஆரம் 1.5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இளகிய கரு சுமை தாங்காது. எல்லாம் மூடியின் தலையில்தான். மூடி 200 மைக்ரான் என்றால் தகைவு 120 கிலோபாஸ்கல். 65 மைக்ரான் என்றால் ஏறத்தாழ 370. மூடி தாங்கும் எல்லையாக ஆய்வாளர்கள் கருதுவது சுமார் 300. சதுர சென்டிமீட்டருக்கு மூன்று கிலோ எடை!

இதே கணக்கில் இன்னொரு வியப்பும் ஒளிந்திருக்கிறது. அதே 65 மைக்ரான் மூடி இருக்கும் இடத்தில் குழாய் குறுகி, ஆரம் 1 மில்லிமீட்டர் ஆனால் தகைவு 246 ஆகக் குறைகிறது. மூடி அப்படியே இருக்கும்வரை, அடைப்பு கூடக்கூட மூடியின் மீதான இழுவிசை தளர்கிறது! 1992-ல் கணினி மாதிரிகளும் இதையே காட்டின.

உண்மைத் தமனிகள் இவ்வளவு வட்டமாக இருப்பதில்லை. அதனால் பொறியாளர்கள், பாலங்களுக்கும் விமான இறக்கைகளுக்கும் செய்வதைப் போலவே, தமனியின் குறுக்குவெட்டைக் கணினியில் ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் பக்கத்துத் துண்டை எப்படி இழுக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். வரம்புறு கூறு முறை என்பது இதுதான். 1993-ல் இம்முறையில் கிழிந்த படிவுகள் பன்னிரண்டை ஆராய்ந்தார்கள். பத்து, தகைவு 300-ஐத் தாண்டிய இடத்திலேயே கிழிந்திருந்தன. ஆனால் தகைவு உச்சத்தில் இருந்த அதே புள்ளியில் கிழிந்தவை ஏழுதான்.

மீதி ஐந்து ஏன் வேறிடத்தில் கிழிந்தன? எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி இதற்கான விடைதான். மூடிக்குள் சுமார் 10 மைக்ரான் அளவே உள்ள கால்சியத் துகள் ஒன்று புதைந்திருந்தால், அதைச் சுற்றியுள்ள தகைவு ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்று நியூயார்க்கில் வைன்பாம் என்ற ஆய்வாளரின் குழுவினர் 2006-ல் கணக்கிட்டுக் காட்டினார்கள். மருத்துவமனைக் கருவிகளுக்குத் தெரியாத அளவு சிறிய துகள் அது. இழுவிசையின் திசையில் இரண்டு துகள்கள் நெருங்கி அமைந்தால் நிலைமை இன்னும் மோசம். கடினமான கால்சியம் நீளாது. அதனால் நடுவில் அகப்பட்ட திசுவே முழுவதும் நீள வேண்டியிருக்கிறது. அதுவும் நாளொன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் முறை, இதயம் துடிக்கும்போதெல்லாம்.

மூடி ஏன் மெலிகிறது என்பதற்கும் சமன்பாடுகள் உண்டு. கொழுப்பை விழுங்க வரும் பாதுகாப்பு அணுக்கள் கொலாஜனைக் கரைக்கும் நொதிகளைச் சுரக்கின்றன. தசை அணுக்கள் புதிய கொலாஜனை நெய்கின்றன. வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு என்று இந்தச் சமன்பாடுகள் காலப்போக்கில் கணக்குப் பார்க்கின்றன. ரத்தக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைகள் இந்தக் கணக்கை வரவுப் பக்கம் திருப்பக்கூடியவை. தமனிக்குள் ஒளியைச் செலுத்தி 10 முதல் 20 மைக்ரான் நுட்பத்தில் படமெடுக்கும் ஓசிடி கருவியில், மாதங்கள் செல்லச்செல்ல மூடி தடிப்பதைப் பார்க்க முடிகிறது. 65 மைக்ரான் மூடி 100 ஆனால், குழாயின் அகலம் கொஞ்சமும் மாறாவிட்டாலும், தகைவு 370-லிருந்து 240-க்கு இறங்கிவிடுகிறது.