குலோத்துங்கன் கொண்டுவந்த குரோமோசோம்

"என்ன புள்ள?" பிரசவ வார்டு வாசலில் காத்திருப்பவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். தாய் எப்படி இருக்கிறாள் என்பது அடுத்த கேள்வி. "பொம்பளப் புள்ள" என்று பதில் வந்து, அது மூன்றாவது பெண்ணாகவும் இருந்துவிட்டால், தையல் வலியோடு உள்ளே படுத்திருப்பவள் காதில் விழும்படியாகவே ஒரு குரல் கேட்கும்: "இவ வயித்துல ஆம்பளப் புள்ளையே தங்காது." 'போதும்பொண்ணு', 'வேண்டாம்' என்று பெண் குழந்தைகளுக்குப் பேர் வைத்த ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு.

மீன்சுருட்டி என்ற ஊர் இருக்கும் அரியலூர் மாவட்டத்தில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஆறு வயதுக்கு உட்பட்டவர்களில் ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 897 பெண் குழந்தைகள். பக்கத்துப் பெரம்பலூரில் 913, வடகிழக்கே கடலூரில் 896. மாநிலம் முழுக்க எடுத்தால் 943. யாரும் கை வைக்காமல் விட்டால் ஆயிரம் ஆணுக்குச் சுமார் 950 பெண் பிறக்கும். உலகம் முழுக்க ஏறத்தாழ இதே கணக்குதான். 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2011-க்குப் பிறகு அரியலூர், பெரம்பலூர், கடலூருக்கும் அரசு நீட்டித்ததற்கு இந்த எண்களே காரணம். பிறக்கும் பிள்ளை ஆணா பெண்ணா என்பதை எது முடிவு செய்கிறது என்று தெரிந்துகொண்டால், தாய்மேல் போடும் பழி எவ்வளவு தப்பான முகவரிக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்பதும் புரியும்.

பாதிப் பங்கு

நம் உடம்பின் அநேகமாக எல்லாச் செல்லிலும் 46 குரோமோசோம்கள், 23 ஜோடிகளாக இருக்கின்றன. 46 என்பதே 1956-ல்தான் உறுதியானது. ஜாவாவில் பிறந்த ஜோ ஹின் ஜியோ, சுவீடன்காரர் ஆல்பர்ட் லெவானோடு சேர்ந்து லுண்ட் நகர ஆய்வகத்தில் எண்ணிச் சொன்னார். அதற்கு முன் முப்பது வருடத்துக்கு மேல் பாடப்புத்தகங்கள் 48 என்றே சொல்லிக்கொண்டிருந்தன. நுண்ணோக்கியில் பார்த்தவர்களும் 48 என்றே எண்ணினார்கள்!

முட்டையிலும் விந்தணுவிலும் மட்டும் 23. பள்ளிக்கூடத்தில் 'குன்றல் பகுப்பு' என்று படித்தோமே, அது இந்தப் பாதியாக்கும் வேலைதான். ஒரு பெண்ணிடம் 23 ஜோடி வளையல் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று அவள் அம்மா போட்டது, மற்றது அப்பா போட்டது. தன் பிள்ளைக்கு ஜோடிக்கு ஒன்று வீதம் அவள் எடுத்துக் கொடுக்கிறாள், கண்ணை மூடிக்கொண்டு. எந்த ஜோடியில் எது போகும் என்பது அவள் கையில் இல்லை. இப்படி எடுக்க 83,88,608 வழிகள் உண்டு. தந்தை பக்கமும் அத்தனை. இரண்டும் சேர்ந்தால் எழுபது லட்சம் கோடி விதமான பிள்ளைகள் சாத்தியம். உண்மைக் கணக்கு இதைவிடப் பெரிது. பிரிவதற்கு முன்னால் ஜோடிகள் தங்களுக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. வளையல் உவமை அந்த இடத்தில் உடைந்துவிடும். ஒரே வயிற்றில் பிறந்த இருவரில் ஒருத்தி அப்பத்தா ஜாடையிலும் இன்னொருத்தன் தாய்மாமன் ஜாடையிலும் இருப்பது இதனால்தான்.

இந்தப் பாதியாக்கும் வேலை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரி நடப்பதில்லை. ஆண் உடம்பு பருவ வயதிலிருந்து விந்தணுவைத் தொடர்ந்து புதிதாகச் செய்துகொண்டே இருக்கிறது. ஒரு தொகுதி தயாராக இரண்டரை மாதம் வாக்கில் ஆகும். பெண் தன் முட்டைகளைத் தாயின் கருப்பையில் இருக்கும்போதே உருவாக்கிவிடுகிறாள். பிறக்கும்போது பத்து, இருபது லட்சம் இருக்கும். வாழ்நாளில் முதிர்ந்து வெளிவருபவை சுமார் நானூறு. முட்டையின் குன்றல் பகுப்பு அப்போதே தொடங்கிப் பாதியில் நின்றுவிடும். அந்த முட்டை வெளிவரும் மாதத்தில்தான் மறுபடி நகரும். உங்கள் ஆத்தா வயிற்றில் உங்கள் அம்மா இருந்தபோதே, நீங்கள் உருவான முட்டையும் அங்கே இருந்தது.

எக்ஸா, ஒய்யா

23 ஜோடியில் 22 ஜோடி ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. கடைசி ஜோடி பெண்ணுக்கு இரண்டு எக்ஸ், ஆணுக்கு ஒரு எக்ஸ் ஒரு ஒய். 1905-ல் அமெரிக்காவின் பிரின் மார் கல்லூரியில் நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற பெண்மணி, மாவில் நெளியும் புழுவின் வண்டை வைத்து இதைக் கண்டுபிடித்தார். ஆண் வண்டின் விந்தணுக்களில் பாதியில் பெரிய குரோமோசோம், பாதியில் சின்னது. சின்னது சேர்ந்த முட்டை ஆணானது.

மனிதரிலும் அதேதான். தாயின் முட்டையில் எப்போதும் எக்ஸ். அவளால் வேறெதையும் தர முடியாது. தந்தையின் விந்தணுவில் பாதி எக்ஸ், பாதி ஒய். எது முந்திக்கொண்டு சேர்கிறதோ அதுதான் பிள்ளை. அதற்காகப் பழியைத் தூக்கி மருமகன் தலையில் வைப்பதும் சரியில்லை. தன் விந்தணுவை அவரும் தேர்ந்தெடுப்பதில்லை. குங்குமப்பூ, கோயில் பிரசாதம், குறிப்பிட்ட திதி எதுவும் இதை அசைக்காது. "மூணும் பொண்ணாப் போச்சு, அடுத்தது கண்டிப்பாப் பையன்" என்பதும் வீண் கணக்கு. நான்காவது கருவும் பாதிக்குப் பாதி வாய்ப்போடுதான் தொடங்குகிறது. மூன்று பிள்ளை பெற்ற குடும்பங்களில் எட்டுக்கு ஒன்றில் மூன்றும் பெண்ணாக இருப்பது சாதாரணம்.

கங்கைகொண்ட சோழபுரத்தில் ஒரு வாரிசு

"வம்சம் விளங்க ஒரு ஆம்பளப் புள்ள வேணும்ல?" என்பவர்களை மீன்சுருட்டியில் பஸ் ஏற்றிக் கங்கைகொண்ட சோழபுரத்தில் இறக்கிவிடலாம். சில நிமிடப் பயணம்தான். கோயிலைக் கட்டிய முதலாம் இராசேந்திரனின் மகன்கள் ஒருவர் பின் ஒருவராக ஆண்டார்கள். பேரன் அதிராசேந்திரன் 1070-ல் இறந்ததும் அந்த ஆண்வழி அரியணையை விட்டு இறங்கியது. அடுத்து முடிசூடிய முதலாம் குலோத்துங்கன், இராசேந்திரனின் மகள் அம்மங்கதேவியின் பிள்ளை. தந்தை வேங்கி நாட்டுக் கீழைச் சாளுக்கிய அரசன் இராசராச நரேந்திரன். அந்த நரேந்திரனின் தாயோ முதலாம் இராசராசனின் மகள் குந்தவை.

ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும். ஆகவே குலோத்துங்கன் சுமந்தது சாளுக்கிய ஒய். அவன் மகன் விக்கிரம சோழன், பேரன் இரண்டாம் குலோத்துங்கன், கொள்ளுப்பேரன் இரண்டாம் இராசராசன் எல்லோருக்கும் அதுவே. சோழ மரபு அவர்களுக்குள் வந்ததெல்லாம் குந்தவை, அம்மங்கை போன்ற பெண்கள் வழியாக. வரலாறு அவர்களைச் சோழர் என்றுதான் எழுதுகிறது. யாருக்கும் அதில் மறுப்பில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. ஒய் மிகச் சிறியது. மனிதனின் ஏறத்தாழ இருபதாயிரம் ஜீன்களில் அதில் இருப்பவை நூறை ஒட்டித்தான். தந்தையின் எக்ஸ் அப்படியே முழுசாக மகளுக்குப் போகிறது. மகனுக்கு அது கிடைப்பதில்லை. டிஎன்ஏ அளவை வைத்துப் பார்த்தால் அப்பாவிடமிருந்து மகனைவிடச் சற்று அதிகமாக வாங்கிக்கொள்பவள் மகள்தான்.

இதற்கு மருத்துவப் பக்கமும் உண்டு. ஹீமோஃபீலியா என்ற, ரத்தம் உறையாத நோயும் சிவப்பு–பச்சை நிறக்குருடும் எக்ஸ் வழியாக வருபவை. தாய் நோயின்றிச் சுமப்பவளாக இருந்தால் ஒவ்வொரு மகனுக்கும் பாதி வாய்ப்பு. நோயுள்ள தந்தையிடமிருந்து மகனுக்கு வராது. மகள்கள் எல்லோரும் சுமப்பார்கள். தாய்மாமனுக்குச் சின்னக் காயத்திலும் ரத்தம் நிற்காத வழக்கம் இருந்தால், கர்ப்பிணி அதை டாக்டரிடம் சொல்லியே ஆகவேண்டும்.

சொந்தத்தில் கட்டினால்

அம்மங்கதேவி கட்டியது அத்தை மகனை. அவள் மகன் குலோத்துங்கன் கட்டியது தாய்மாமன் இரண்டாம் இராசேந்திரனின் மகள் மதுராந்தகியை. நம் ஊர் வழக்கம் ஆயிரம் வருடத்தில் பெரிதாக மாறிவிடவில்லை. தமிழ்நாட்டில் இன்றும் திருமணமான பெண்களில் நான்கில் ஒருவருக்கு மேல் சொந்தத்தில் கட்டியவர்கள் என்று தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது.

நம் ஒவ்வொருவரிடமும் பழுதான ஜீன்கள் சில உண்டு. ஜோடியில் மற்றது நன்றாக இருப்பதால் அவை வெளியே தெரிவதில்லை. கணவனும் மனைவியும் ஒரே பழுதைச் சுமந்தால் மட்டும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து. அத்தை மகன், மாமன் மகளிடம் எட்டில் ஒரு பங்கு ஜீன் பொதுவாக இருக்கும்; தாய்மாமனுக்கும் அக்கா மகளுக்கும் நான்கில் ஒரு பங்கு. அதனால் பழுது சந்திக்கும் வாய்ப்பு கூடுகிறது. எந்தத் தம்பதிக்கும் பிறவிக் குறையுள்ள பிள்ளை பிறக்க நூற்றுக்கு இரண்டு, மூன்று வாய்ப்பு உண்டு. அத்தை–மாமன் பிள்ளைகள் கட்டினால் அது ஏறத்தாழ இரட்டிப்பாகும். தாய்மாமனைக் கட்டினால் இன்னும் கூடும். தலைமுறை தலைமுறையாக உள்ளுக்குள்ளேயே கட்டிவந்த குடும்பத்திலும் அப்படியே. பிறவிக் காதுகேளாமையும் தலசீமியாவும் இப்படி வருபவை. நூறில் தொண்ணூறுக்கு மேல் நல்ல பிள்ளைகள்தானே என்பார்கள். உண்மைதான். ஆனால் குடும்பத்தில் ஏற்கெனவே வாய் பேசாத பிள்ளை இருந்தால் அந்தச் சமாதானம் செல்லாது. பரிசம் போடும் முன் மரபியல் ஆலோசனை கேட்பதே புத்தி.

பங்கு பிசகினால்

டவுன் சிண்ட்ரோம் பிள்ளையைப் பார்த்ததும் "சொந்தத்துல கட்டினீங்களா?" என்று கேட்பார்கள். பெரும்பாலும் அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 21-வது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று இருப்பதே காரணம் என்று 1959-ல் பாரிசில் ஜெரோம் லெஜுன், மார்த் கோத்தியே, ரேமோன் துர்ப்பான் மூவரும் வெளியிட்டார்கள். பெரும்பாலும் முட்டை பாதியாகும்போது அந்த ஒரு ஜோடி பிரியாமல் ஒட்டிக்கொண்டே வந்துவிடுகிறது. பல வருடம் பாதியில் நின்ற முட்டையில் இந்தப் பிசகு கூடும். 25 வயதுத் தாய்க்கு 1,250-ல் ஒன்று, 35-ல் சுமார் 350-க்கு ஒன்று, 40-ல் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் வாய்ப்பு. ஆனாலும் இளவயதில் பெறுபவர்களே அதிகம் என்பதால், இப்படிப் பிறக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களின் தாய்மார் 35-க்குக் கீழே உள்ளவர்கள். ஆகவே வயதைப் பார்த்துப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

நூற்றில் மூன்று, நான்கு பேருக்குக் காரணம் வேறு. அதிகப்படியான 21 இன்னொரு குரோமோசோமோடு ஒட்டியிருக்கும். இது சில சமயம் தாயிடமோ தந்தையிடமோ சத்தமில்லாமல் இருந்துகொண்டிருக்கும். அவருக்கு ஒரு குறையும் தெரியாது. அடுத்த பிள்ளைக்கும் வர வாய்ப்பு கூடுதல். டவுன் சிண்ட்ரோம் உறுதியான குழந்தைக்குக் கேரியோடைப் என்ற குரோமோசோம் பரிசோதனை கட்டாயம் எடுக்க வேண்டும் என்பது அதனால்தான். இந்தக் குழந்தைகளில் பாதிப் பேருக்கு இதயக் கோளாறு இருக்கக்கூடும். பிறந்ததும் எக்கோ எடுக்க வேண்டும். தைராய்டு, காது, கண் பரிசோதனையும் பேச்சுப் பயிற்சியும் சீக்கிரம் தொடங்கினால் பள்ளிக்குப் போவார்கள், வேலையும் பார்ப்பார்கள்.

முதல் மூன்று மாதத்தில் கலையும் கருக்களில் ஏறத்தாழ பாதிக்குக் காரணம் இதே போன்ற எண்ணிக்கைப் பிசகுதான். பப்பாளி தின்றாள், டூவீலரில் போனாள், குடம் தூக்கினாள் என்று அவள்மேல் விசாரணை வைப்பதில் பொருளில்லை. இரண்டு முறைக்கு மேல் கலைந்தால் கணவன், மனைவி இருவரும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். மனைவியை மட்டும் அனுப்பிவிட்டு இவர் டீக்கடையில் உட்கார்ந்திருப்பது உதவாது.

பூப்பெய்தாத பெண், பிள்ளையில்லாத ஆண்

பதினைந்து வயதாகியும் பூப்பெய்தாமல், வகுப்பில் எல்லோரையும்விடக் குள்ளமாக ஒரு பெண் இருந்தால், சடங்கு எப்போது என்று கேட்டு நோகடிக்காமல் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். ஒரே ஒரு எக்ஸ் மட்டும் உள்ள டர்னர் நிலை, பிறக்கும் பெண்களில் சுமார் 2,500-க்கு ஒருவருக்கு உண்டு. சிறுவயதிலேயே தெரிந்தால் வளர்ச்சி ஹார்மோன் தர முடியும்.

ஆண்களில் அறுநூற்றுச் சொச்சம் பேருக்கு ஒருவருக்கு எக்ஸ் ஒன்று கூடுதல். கிளைன்ஃபெல்டர் நிலை என்பார்கள். பெரும்பாலானவர்களுக்குத் தெரிவதேயில்லை. கல்யாணமாகி வருடங்கள் கழிந்து மனைவி ஊர் ஊராகக் கோயில் சுற்றியபின், ஒரு சாதாரண விந்துப் பரிசோதனையில் அணுக்களே இல்லை என்று வரும்போதுதான் வெளிச்சத்துக்கு வருகிறது.

ஸ்கேனில் கேட்கக்கூடியதும் கூடாததும்

கரு தரித்தது தெரிந்ததும் மீன்சுருட்டி அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, வீட்டுக்கு வரும் கிராம சுகாதார செவிலியரிடமோ பதிவு செய்து, பிக்மி என்ற கர்ப்பப் பதிவு எண்ணை வாங்கிவிடுங்கள். 11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் என்.டி. ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் சேர்ந்து டவுன் சிண்ட்ரோம் ஆபத்தைக் கணிக்கும். ஆபத்து கூடுதல் என்று வந்தால் அது நோய் உறுதி என்று அர்த்தமில்லை. பனிக்குட நீர் எடுத்துப் பார்ப்பது போன்ற சோதனையே உறுதி சொல்லும். தாயின் ரத்தத்திலேயே கருவின் டிஎன்ஏவைப் பார்க்கும் புதுச் சோதனை பத்து வாரத்திலிருந்து செய்யலாம். தனியாரில் ஆயிரக்கணக்கில் செலவு. மேல் சிகிச்சைக்கு ஜெயங்கொண்டம் அரசு மருத்துவமனையும் 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. சந்தேகத்துக்கு 104-ஐ அழைக்கலாம்.

கேட்கக் கூடாதது ஒன்றே: ஆணா பெண்ணா. 1994-ல் வந்து 2003-ல் திருத்தப்பட்ட சட்டம், சொன்னவரை மட்டுமல்ல, கேட்டுப் போனவரையும் தண்டிக்கிறது; கேட்டுப் போனவருக்கு முதல் முறையே மூன்று ஆண்டு வரை சிறையும் ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. கர்ப்பிணியைக் கணவனும் உறவினரும் வற்புறுத்தியதாகவே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லையென்று நிரூபிப்பது அவர்கள் பாடு. கையடக்க ஸ்கேன் கருவியோடு வீட்டுக்குள் வைத்துப் பார்த்துச் சொன்னவர்கள் தர்மபுரி, கள்ளக்குறிச்சிப் பக்கம் பிடிபடும் செய்தி அவ்வப்போது வருகிறது. அவர்களிடம் போனால் குடும்பம் சட்டத்தில் மாட்டுவதோடு, அந்தப் பெண் அரைகுறை ஆட்களிடம் கருக்கலைப்பு செய்து ரத்தப்போக்கில் உயிரையும் விடக்கூடும்.

ஸ்கேன் அறிக்கை, கேரியோடைப் அறிக்கை, கலைந்த கருவைப் பற்றிய சீட்டு எதையும் தூக்கிப் போடாமல் ரேஷன் கார்டோடு சேர்த்து வையுங்கள். கொழுந்தனுக்கோ நாத்தனாருக்கோ பிள்ளைப்பேறு வரும்போது மரபியல் மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.